ஃபிலிப்பிக் என்றால் வெறும் வசையா?

அனல் பறக்கும் கண்டனப் பேச்சை ஆங்கிலத்தில் 'ஃபிலிப்பிக்' என்கிறார்களே, அதற்கு என்ன பொருள், எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒருவரைக் குறிவைத்து, அவர் செய்ததையெல்லாம் அடுக்கிச் சாடும் நீண்ட பேச்சுக்கு அந்தப் பெயர். ஒரு மொழிபெயர்ப்பில் இதை 'வசைமாரி' என்று எழுதியிருந்தேன். அப்புறம் பண்டைய கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸின் உரைகளைப் படித்ததும் அந்தச் சொல் உறுத்தியது, மாற்றிவிட்டேன்.

மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் கிரேக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கை நீட்டிக்கொண்டிருந்த காலம். அவரை எதிர்த்து ஏதென்ஸில் டெமாஸ்தனிஸ் கி.மு. 351 முதல் 341 வரை பேசிய உரைகளுக்கு பிலிப்பின் பெயரே ஒட்டிக்கொண்டது. முதல் உரையில் ஓரிடம் எனக்கு மறக்கவே மறக்காது. குத்துச்சண்டை தெரியாதவன் அடி விழுந்த இடத்தைக் கையால் பொத்திக்கொள்வான். அடுத்த அடி வேறு பக்கம் விழுந்தால் கை அங்கே ஓடும். எதிராளியின் கண்ணைப் பார்க்கவோ முன்கூட்டியே தடுக்கவோ அவனுக்குத் தோன்றாது. பிலிப்போடு நீங்கள் போடும் சண்டையும் இப்படித்தான் என்று சொந்த ஊர்க்காரர்களையே பிடித்து உலுக்குகிறார். இந்த பிலிப் செத்தாலும், நீங்கள் இப்படியே இருந்தால் இன்னொரு பிலிப்பை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள் என்கிறார். தூங்குகிறவனைத் தட்டி எழுப்பும் கோபம் இது. இதைப் போய் வசை என்று எப்படிச் சொல்வது?

சுமார் 300 ஆண்டுகள் கழித்து ரோமில் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ, படைத்தலைவர் மார்க் ஆன்டனிக்கு எதிரான தன் உரைகளை விளையாட்டாக அதே பெயரால் அழைத்தார். அது நிலைத்துவிட்டது. மொத்தம் 14 உரைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்ற இரண்டாவது உரை அவையில் பேசப்படவே இல்லை, எழுத்தாகத்தான் வெளிவந்தது. கி.மு. 43 டிசம்பரில் ஆன்டனியின் ஆட்கள் சிசரோவைக் கொன்று, அவர் தலையையும் கையையும் ரோமின் பேச்சு மேடையிலேயே காட்சிக்கு வைத்தார்கள்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். கோபத்தில் இரண்டு நிமிடம் கத்துவதை ஃபிலிப்பிக் என்று சொல்ல முடியாது. 'காலம் கெட்டுப்போச்சு' என்ற பொதுப் புலம்பலும் இதில் சேராது. குறி ஒன்று வேண்டும், குற்றச்சாட்டுகள் கோவையாக வர வேண்டும். எழுத்தில் வரும் கண்டனத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும். தமிழில் நான் 'கண்டனப் பேருரை' என்று எழுதுகிறேன். 'கண்டன முழக்கம்' என்றால் ஊர்வலத்துக் கோஷம்தான் நினைவுக்கு வருகிறது. டெமாஸ்தனிஸ், சிசரோ பற்றி எழுதும்போது மட்டும் 'ஃபிலிப்பிக் உரைகள்' என்றே விட்டுவிடுங்கள். அங்கே அது அந்த உரைகளின் பெயர்.