தொண்டியில் கடற்கரை நடை நின்றுபோன அப்பாவுக்கு

தினமும் கடற்கரையில் நடந்த அப்பாவை இந்த 2021 மே கொரோனா ஊரடங்கில் போலீஸ் திருப்பி அனுப்புகிறது, சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். சகோ, ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் நடந்தால்தான் நடை என்ற எண்ணத்தை அவர் முதலில் விட வேண்டும். மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் கொஞ்சம் வேகமாக நடக்கச் சொல்லுங்கள், அப்போது ஏறுகிற சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொள்ளும், உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன வாரம் 150 நிமிடக் கணக்கும் இதிலேயே தேறிவிடும். மதியம் வீட்டுக்குள், இரவில் மொட்டை மாடியில்.

மணலில் வெறுங்காலோடு நடந்து பழகியவர் மாடியிலும் அப்படியே ஏறுவார், விடாதீர்கள். நம் பக்கத்து மே மாத வெயிலில் தளம் சாயங்காலம் வரை கொதிக்கும், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதே தெரியாமல் புண்ணாகிவிடும். செருப்பு கட்டாயம், ராத்திரி பாதத்தை நீங்களே பாருங்கள்.

அப்புறம், ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம் வேறு. வலையைச் சரிசெய்ய உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார், அரை மணிக்கொரு முறை எழுப்பிவிடுங்கள். அதற்கும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், மருத்துவரிடம் போனில் கேளுங்கள், மருந்துக்கடைகள் திறந்துதான் இருக்கின்றன.