தாத்தாவின் பெயர் பேத்திக்கு

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. அவள் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமான என் தந்தையின் பெயரான 'இளங்கோ' என்பதையே அவளுக்குச் சூட்ட நானும் என் கணவரும் விரும்புகிறோம். "ஆண் பெயரை வைத்துக் குழந்தையைக் கேலிக்கு ஆளாக்கப் போகிறீர்களா?" என்று என் மாமியார் மனம் வருந்துகிறார். எங்கள் ஆசை தவறா?

பதில்: தவறே இல்லை. ஆயினும் உங்கள் மாமியாரின் வருத்தத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கவலைப்படுவதும் பேத்தியை நினைத்துத்தான்.

முதலில் மொழியைப் பார்ப்போம். னகர ஒற்று ஆணையும் ளகர ஒற்று பெண்ணையும் காட்டும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயல் வகுத்திருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்று நாம் நாள்தோறும் பேசுவது அந்த இலக்கணத்தின்படிதான். உங்கள் தந்தையின் பெயர் மாறன் என்று இருந்திருந்தால், 'மாறன் வந்தாள்' என்று சொல்லும்போதெல்லாம் பெயரும் வினையும் ஒன்றோடொன்று மோதியிருக்கும். அப்படியொரு பெயரை நான் தயங்கித்தான் பரிந்துரைத்திருப்பேன். 'இளங்கோ வந்தாள்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதில் எதுவும் உறுத்தவில்லை. இளைய அரசன் என்ற பொருளும், இதுவரை ஆண்களுக்கே வைத்து வந்த பழக்கமும்தான் அதை ஆண் பெயராக நிறுத்தியிருக்கின்றன. பெயரின் கடைசி எழுத்தான ஈறு எதையும் காட்டாத இடத்தில் வழக்குதான் தீர்ப்புச் சொல்கிறது. மாணிக்கம் என்றதும் ஓர் ஆணும், மரகதம் என்றதும் ஒரு பெண்ணும் நம் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டுமே மண்ணிலிருந்து எடுக்கும் கற்கள்தாம்.

அந்த வழக்கும் மாறக்கூடியதே. சார்லட் பிராண்டி 1849இல் வெளியிட்ட 'ஷெர்லி' நாவலில், மகனை எதிர்பார்த்திருந்த பெற்றோர், பிறந்தது மகள் என்றதும் மகனுக்கு வைக்கவிருந்த பெயரையே அவளுக்கு வைத்துவிடுகிறார்கள். அன்று ஆண்களுக்குரியதாக இருந்த அந்தப் பெயரை இன்று பெண் பெயர் என்றே உலகம் அறிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஈவ்லின், லெஸ்லி, ஆஷ்லி ஆகியவையும் இதே வழியில் வந்தவையே. இதில் என்னை வருத்தும் ஒன்று உண்டு: பெண்களிடையே ஒரு பெயர் பரவத் தொடங்கியதும், மகனுக்கு அதை வைக்கப் பெற்றோர் கூசுகிறார்கள். ஆண் பெயரைப் பெண் ஏற்றால் உயர்வு, பெண் பெயரை ஆண் ஏற்றால் இழிவு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

ஆகவே, 'வைக்கலாமா' என்பதைவிட 'எதற்காக வைக்கிறோம்' என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆறேழு வயதில் உங்கள் மகள் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, புத்தகப் பையைக் கழற்றும் முன்பே, "எனக்கு ஏன் பையன் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்பாள். "தாத்தாவை அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும்" என்று உங்களால் சொல்ல முடியும். அந்தப் பதிலை அவள் தோழிகளிடம் பெருமையாகவே சொல்லுவாள். "பையன் பிறப்பான் என்று நினைத்திருந்தோம்" என்ற பதில்தான் அவள் மனத்தில் முள்ளாகத் தைக்கும். உங்கள் கடிதத்தில் அதன் சாயல்கூட இல்லாததால்தான் துணிந்து எழுதுகிறேன்.

ஆண் பெயர் இருந்தால் வேலையில் முன்னேறலாம் என்று சொல்வோரும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் வழக்கறிஞர்களைப் பற்றி 2009இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண் பெயர் போல் ஒலிக்கும் பெயருடைய பெண்கள் நீதிபதியாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அது தேர்ந்தெடுப்பவர்களின் மனக்கோணலுக்குச் சான்று. குழந்தைக்குப் பெயர் தேடும் வழியாக அதைக் கொள்ள வேண்டாம்.

சட்டமும் பல நாடுகளில் இளகி வந்திருக்கிறது. பாலினத்தைத் தெளிவாகக் காட்டவில்லை என்று சொல்லி, 'கிரண்' என்ற பெயரை ஒரு பெண் குழந்தைக்குப் பதிவு செய்ய ஜெர்மனியில் அதிகாரிகள் மறுத்தபோது, பெயர் பாலினத்தைக் காட்டியே தீர வேண்டியதில்லை என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஐஸ்லாந்தில் 'இளங்காற்று' என்று பொருள்படும் ஆண்பாற் சொல்லைப் பெயராகக் கொண்ட ஒரு சிறுமி, அரசு ஆவணங்களில் வெறும் 'பெண்' என்றே குறிக்கப்பட்டு வந்தாள். 2013இல் நீதிமன்றம் அவள் பெயரை அவளுக்கே மீட்டுக் கொடுத்தது.

வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை உங்கள் மாமியாரே தேர்ந்தெடுக்கட்டும். தாத்தாவின் புகைப்படத்தைக் காட்டி, அவர் கதைகளைச் சிறு வயதிலிருந்தே மகளுக்குச் சொல்லி வாருங்கள். கேலி வரும் நாளில் அவளிடம் சொந்தமாக ஒரு பதில் இருக்கும்.

கேள்வி: என் பெயரும் ஆண் பெயரே. முப்பது வயதாகியும் எனக்கு வரும் கடிதங்களில் 'திரு.' என்றே எழுதுகிறார்கள். பெயரை மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அந்தப் பெயரால் யாரேனும் அழைக்கும்போது உங்களுக்கு மகிழ்ச்சி உண்டாகிறதா என்பதை மட்டும் பாருங்கள். உண்டாகிறதென்றால் மாற்ற வேண்டாம். கையொப்பத்துக்குக் கீழே 'செல்வி' அல்லது 'திருமதி' சேர்த்து எழுதி வந்தால் பெரும்பாலான குழப்பம் தீர்ந்துவிடும். மகிழ்ச்சியே இல்லையென்றால், முப்பது வயது அதற்குத் தாமதமான வயதன்று.