இதயக் குயில்ட்டுக்கு எத்தனை மீட்டர் துணி?

கேள்வி: மகளுக்கு இது எட்டாம் மாதம். வரப்போகும் பேரக்குழந்தைக்குப் பூப்போட்ட காட்டன் துணிகளில் இதய வடிவம் வைத்து ஒரு குயில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என்று மூன்றடுக்காகத் தைக்கும் விரிப்பு) தைக்க ஆசை. ரவிக்கை, பாவாடை தைத்த கை; குயில்ட் இதுதான் முதல் தடவை. கடையில் எட்டு டிசைன் பிடித்துப்போனது. "ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டர் எடுத்துக்கோங்கம்மா" என்கிறார்கள். இதயத்துக்கு மட்டும் எட்டு மீட்டரா? - ஈரோட்டு வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

குழந்தைக்கு 42 அங்குலச் சதுரம் தாராளம். 8 அங்குல இதயங்கள் வரிசைக்கு நாலாக நாலு வரிசை. நடுவிலும் சுற்றிலும் 2 அங்குலப் பட்டை. ஓர் இதயத்துக்கு, கால் அங்குலத் தையல் விட்டு, 4½ அங்குல அகலம் 8½ அங்குல உயரத்தில் இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டின் கீழ்ப்பக்கமும் வெள்ளைத் துணியில் 4½ அங்குலச் சதுரம் ஒன்றை வைத்து மூலைக்கு மூலை தைத்து, மிச்சத்தை வெட்டி மடித்துவிட வேண்டும். மேல் மூலை இரண்டிலும் 1½ அங்குலச் சதுரம் வைத்து அதே போல. இடது துண்டின் சரிவும் வலது துண்டின் சரிவும் எதிரெதிராக இருந்தால்தான் இணைக்கும்போது கீழே கூர் விழும். முதல் முறை தைப்பவர்கள் இரண்டையும் ஒரே பக்கமாகத் தைத்துவிட்டுப் பிரிப்பது வழக்கம். அதனால் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

இப்போது துணிக்கு வருவோம். 44 அங்குல அகலத் துணியில் கால் மீட்டர் எடுத்தால் இப்படி ஒன்பது துண்டு கிடைக்கும். எட்டு டிசைனில் பதினாறு இதயம் என்றால், ஒரு டிசைனுக்கு உங்களுக்கு வேண்டியது நாலே துண்டு. எட்டுக் கால் மீட்டர், ஆக 2 மீட்டர். அடித்தள வெள்ளைக்கு 2 மீட்டர், ஓரப்பட்டிக்கு அரை மீட்டர். பின்பக்கத்துக்கு 60 அங்குல அகலத் துணி கேளுங்கள். ஒன்றரை மீட்டர் போதும். 44 அங்குலத்தில் எடுத்தால் நடுவில் ஒட்டுப் போட வேண்டிவரும், ஏனென்றால் பின்துணி சுற்றிலும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 6 மீட்டர்தான். கால் மீட்டர் வெட்டித் தர மறுத்தால் கட்பீஸ் கடைக்குப் போங்கள். வளைகாப்பிலும் நவராத்திரியிலும் தாம்பூலத்தோடு வந்து பீரோவில் தூங்கும் ரவிக்கைத் துணிகளையும் பாருங்கள், பருத்தியாக இருந்தால் மட்டும்.

அளவைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரு அட்டையில் 8 அங்குல இதயத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையைக் கடைக்குக் கொண்டுபோங்கள். பிடித்த துணிமேல் வைத்துப் பாருங்கள். தானில் பார்க்கும்போது மயக்கிய பெரிய தாமரை, ஓட்டைக்குள் பாதி இதழும் கொஞ்சம் பச்சையுமாக நிற்கும். சின்னப் பூ, புள்ளி, மெல்லிய கொடி எல்லாம் முழுதாக வந்து உட்காரும். அடுத்து, எட்டுத் துணியையும் வெள்ளையோடு சேர்த்து வைத்து போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். எந்தத் துணி வெள்ளையோடு கரைகிறதோ, அதில் இதயம் தெரியாது, அதை விட்டுவிடுங்கள்.

சாயம் போகிறதா என்று பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். நான் பட்டதால் சொல்கிறேன். நம்பிக்கையான கடை என்று ஒரு குங்குமச் சிவப்பை அப்படியே தைத்தேன். முதல் அலசலிலேயே பக்கத்து வெள்ளைகள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. மூன்று மாத வேலை. சேலையில் சாயம் போனால் அந்தச் சேலையைத் தனியாகத் துவைக்கலாம். குயில்ட்டில் பத்துத் துணியும் காலம் முழுக்க ஒரே வாளியில்தான் ஊற வேண்டும். அதனால் ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலத் துண்டை ஒரு டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் போடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணியைத் திரும்பத் திரும்ப அலசுங்கள், தெளியவில்லையென்றால் ஒதுக்கிவிடுங்கள். அவுரி நீலத்திலும் அடர் சிவப்பிலும் இரட்டைக் கவனம் தேவை. பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருங்கும். ஆகவே எல்லாவற்றையும் நனைத்து, இஸ்திரி போட்டு, அதன்பிறகு அளந்து வெட்டுங்கள். கால் மீட்டர் சுருங்கினாலும் உங்கள் 8½ அங்குலத்துக்குப் போதும்.

கேள்வி: ஆன்லைனில் 'சுத்தப் பருத்தி' என்று போட்டு விற்ற பூத்துணி வாங்கினேன். கலப்புத் துணி மாதிரி வழவழவென்று இருக்கிறது. வெட்டிய துணி, திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். - மதுரை வாசகி

பதில்: ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிவதுபோல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். துணியை வெட்டவோ நனைக்கவோ வேண்டாம், உங்கள் பக்கம் வலுவாக இருக்கட்டும்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், ஆன்லைன் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நேரடிக் கடைக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உண்டு: குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் விடுவதும் அப்படியே. நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு மட்டும் இது உதவாது. அந்த விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைத்து, முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் 1915-க்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது.

கேள்வி: நடுவில் வைக்க இலவம்பஞ்சு போடலாமா? - திருச்சி வாசகி

பதில்: தலையணைக்கு அதைப்போல வராது, குயில்ட்டுக்கு ஆகாது. இழை வழுக்கும்; துவைத்தால் மூலைக்கு ஓடித் திரளும். காட்டன் பேட்டிங் வாங்குங்கள், குயில்ட்டின் நடுவில் வைக்கவென்றே விரிப்பாக விற்கும் பருத்திப் பஞ்சு அது. மூன்று அடுக்கையும் சேர்த்து எத்தனை அங்குல இடைவெளியில் தையல் ஓட்ட வேண்டும் என்று உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள். நம் வெயிலுக்குப் பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பே போதும் என்பது என் எண்ணம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, இனிச் சுருங்கவும் சுருங்காது.

ஈரோட்டு வாசகிக்கும் இதோடு ஒன்று: ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் தளர்வான போர்வை எதுவும் போடக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. அதுவரை குயில்ட்டைத் தரையில் விரித்து, விழித்திருக்கும் பிள்ளையைக் குப்புறப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.