காலையில் கை தூக்கிப் போடுகிறது, அதுவும் வலிப்பா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஒரு வருடமாகவே காலையில் எழுந்ததும் கை வெட்டும். பிரஷ் தெறிக்கும், காபி டம்ளர் கைநழுவும். கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மாதம் முன்பு விடிய விடியப் படித்துவிட்டு, மறுநாள் காலை ஃபிட்ஸ் வந்து விழுந்துவிட்டாள். ஸ்கேன் நார்மல். கார்பமசெபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதன்பிறகு கை வெட்டுவது கூடிவிட்டது. தூக்கம் கண்ணைச் செருகும் நேரத்தில் எனக்கும் உடம்பு தூக்கிப் போடும். என்னிடமிருந்துதான் வந்ததா?

பதில்: முதலில் உங்கள் விஷயத்தை முடித்துவிடலாம். தூங்கப் போகும்போது திடுக்கென்று தூக்கிப் போடுவது பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான். விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு இறங்கும்போது மூளைத்தண்டு செய்யும் வேலை அது. வலிப்பு இல்லை. மகளுக்கு வருவதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

சரி, மகளுக்கு வருவோம். ஷாக் அடித்தாற்போல தசை ஒரு கணம் சுருங்கி விடுவதை மயோக்ளோனஸ் என்கிறோம். இது அறிகுறியின் பெயர், நோயின் பெயர் அல்ல. விக்கல்கூட இந்த இனம்தான். அதனால் துள்ளல் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். தண்டுவடத்திலிருந்து கிளம்பலாம், சிறுநீரகம் பழுதாகிக் கழிவு ரத்தத்தில் தேங்கினாலும் வரலாம். அவையெல்லாம் வலிப்பு நோய் ஆகாது. மூளையின் மேற்புறணியிலிருந்து, அதாவது அதன் வெளி அடுக்கிலிருந்து, கிளம்பும் துள்ளல்தான் வலிப்புக்கு நெருங்கிய சொந்தம்.

கையை அசைக்கும் நரம்பணுக்கள் மேற்புறணியில் ஒரு பட்டையாக இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிடாதபடி அடக்கி வைக்க காபா என்ற வேதிப்பொருள் உண்டு. அந்தப் பிடி தளர்ந்தால் ஏராளமான அணுக்கள் சேர்ந்தாற்போல ஒருமுறை வெடிக்கும். அந்த வெடிப்பு கைக்கு வந்து சேர ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட். தசை சுருங்கியிருப்பதும் பெரும்பாலும் 50 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். வேண்டுமென்றே அவ்வளவு குறுகலாகக் கையை வெட்டிக் காட்டுவது யாருக்கும் லேசில் வராது. ‘சும்மா நடிக்கிறாள்’ என்று உறவில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

துள்ளல் மேற்புறணியிலிருந்து கிளம்புவதைக் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்தமானது. ஒரு துள்ளலுக்குரிய மூளை அலை மிகச் சிறியது, மற்ற அலைகளின் இரைச்சலில் மூழ்கிவிடும். 1975-ல் ஜப்பானின் ஷிபாசாகியும் குரோய்வாவும் தசையின் மின்பதிவையும் மூளையின் மின்பதிவையும் சேர்த்தே எடுத்தார்கள். பல துள்ளல்களின் தொடக்கப் புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அவற்றுக்கு முந்தைய மூளை அலைகளைச் சராசரி பார்த்தார்கள். தொடர்பில்லாத இரைச்சல் கரைந்துபோய், துள்ளலுக்குச் சற்று முன் எழும் கூரான அலை மட்டும் மிஞ்சியது.

உங்கள் மகளுக்கு இவ்வளவு நுணுக்கமான சோதனை தேவைப்படாது. நீங்கள் சொல்வது இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு போலத்தான் இருக்கிறது. ஜெர்மனியில் யான்ஸும் கிறிஸ்டியனும் 1957-லேயே இதைத் தனி நோயாக விவரித்துவிட்டார்கள். இதில் வினாடிக்கு 4 முதல் 6 வரை கூர்அலைக் கொத்துகள் இ.இ.ஜி. என்ற மூளை மின்பதிவில் தெரியும். ஒரு வெடிப்போடு நின்றால் கை வெட்டும், நினைவு தப்பாது. அதுவே மேற்புறணிக்கும் மூளையின் உள்ளே இருக்கும் தாலமஸ் என்ற பகுதிக்கும் இடையே ஓயாமல் சுற்ற ஆரம்பித்தால் நினைவு போய் முழு ஃபிட்ஸாகிவிடும். ஆக, அந்த டம்ளர் நழுவியதும் வலிப்புதான், சின்ன வலிப்பு. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. சாதாரண இ.இ.ஜி.கூடச் சில சமயம் நார்மலாக வரும். அப்போது தூக்கத்தைக் குறைத்துவிட்டு மறுபடி எடுப்பார்கள்.

இப்போது அவசரமான விஷயம். கார்பமசெபின், ஃபெனிடாய்ன் இரண்டும் வேறு வகை வலிப்புகளுக்கு நல்ல மருந்துகள். இந்த வகையில் துள்ளலைக் கூட்டிவிடக்கூடும். கை வெட்டுவதை டாக்டரிடம் சொன்னீர்களா? பலரும் சொல்வதில்லை, அதையும் நோய்க்கணக்கில் வைக்கத் தோன்றாது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினாலும் ஃபிட்ஸ் வரும். இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பல் தேய்க்கும்போது கை வெட்டுவதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், நாம் பத்து நிமிடம் விளக்குவதை அது பத்து நொடியில் காட்டிவிடும்.

வால்ப்ரோயேட் என்ற மருந்துக்கு இது நன்றாகவே கேட்கும். ஆனால் கர்ப்பகாலத்தில் சிசுவுக்குக் கெடுதல் என்பதால் இந்த வயதுப் பெண்ணுக்கு அதை முதலில் தொடமாட்டோம். பெரும்பாலும் லெவடிரசெட்டம் கொடுப்போம். அதில் சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும், பரீட்சை டென்ஷன் என்று நினைத்து விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து பலருக்கும் நன்றாகக் கட்டுப்படுத்தும். நிறுத்தினால் திரும்ப வருவதும் அதிகம், அதனால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும்.

பரம்பரைச் சாய்வு இதில் உண்டுதான். ஆனால் உங்கள் தூக்கத் துள்ளல் அதற்குச் சாட்சி ஆகாது.

பரீட்சை எழுதலாம், தாராளமாக. ராத்திரி கண்விழித்துப் படிப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள், தூக்கம் கெடுவதுதான் இதற்குப் பெரிய தூண்டுகோல். கிணற்றிலோ குளத்திலோ தனியாக இறங்க வேண்டாம். துள்ளல் அடங்கும்வரை எழுந்த முதல் ஒரு மணி நேரம் அடுப்புப் பக்கம் விடாதீர்கள். காபியைக் கொஞ்சம் ஆற்றி, அரை டம்ளராகக் கொடுங்கள்.