பஞ்சாயத்து ஆபீஸ் வரை ஃபைபர் வந்தாச்சு, 2 கி.மீ. தள்ளி இருக்கும் எங்கள் குடியிருப்புக்கு நெட் கொண்டுவர வழி உண்டா?

உண்டு. செல் சிக்னலும் அங்கே சரியில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ‘ஆளுக்கொரு மொபைல் டேட்டா இருக்கே’ என்று கிளம்புபவர்கள், வீட்டுக்கே ஒரு போன் இருந்து அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை எதில் படிக்கும் என்று யோசிக்கட்டும்.

முதலில் ஆபீஸ் ஓஎன்டியை, அதாவது ஃபைபர் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. வெளியே அறுந்திருக்க வேண்டும் என்பதில்லை, பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் நசுங்கினாலே போதும். பச்சைத் தலை கனெக்டரில் நீலத் தலையைச் செருகாதீர்கள். ஒன்று சாய்வாகத் தேய்த்தது, மற்றது தட்டை. இரண்டும் ஒட்டாமல் ஒளி வீணாகும்.

லைன் சரி, பஞ்சாயத்து அனுமதியும் கையில் என்றால், 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் ரேடியோ ஒரு ஜோடி போதும், ஆபீஸில் ஒன்று, குடியிருப்பில் ஒன்று. இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். எதிர்முனை கண்ணுக்குத் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். நடுவழியில் மரத்தலைக்கு மேல் 3 மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். தென்னந்தோப்பு குறுக்கே இருந்தால் இன்னும் உயர்த்துங்கள். சித்திரையில் மைனஸ் 58 டிபிஎம் (சிக்னல் அளவு, மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) காட்டும் லிங்க், ஐப்பசியில் நனைந்த மட்டை மறைத்தால் மைனஸ் 75க்கு இறங்கி விட்டுவிட்டு வரும்.

டிஷ்ஷைத் திருப்பும்போது முதலில் கிடைத்த சிக்னலிலேயே போல்ட்டை முறுக்கிவிடுவதுதான் வழக்கமான தப்பு. அது பக்க அலையாக, அதாவது டிஷ்ஷின் ஓரத்தில் சிதறும் பலவீனமான சிக்னலாக இருக்கலாம். இன்னும் திருப்புங்கள், விழுந்து மறுபடி ஏறும். அதிகபட்சம் எங்கே வருகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

ரேடியோவுக்கு 24 வோல்ட்டா 48ஆ என்று லேபிளைப் படித்துவிட்டு அடாப்டரைச் செருகுங்கள், மாறினால் போர்டு போய்விடும். அடாப்டரிலிருந்து ரேடியோவுக்குப் போகும் நெட்வொர்க் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கம்பத்துக்கு எர்த் கட்டாயம்.

ஓஎன்டி, ரேடியோ, ரவுட்டர் சேர்ந்து சுமார் 25 வாட். 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பாட்டரியின் கொள்ளளவு) பாட்டரி இரண்டு மணி நேரம் தாங்கினாலே பெரிது. அரைநாள் கரண்ட் போகிற ஊருக்கு 40 ஏஹெச் வையுங்கள்.

காசு வாங்கிப் பகிர்வதென்றால் 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டம் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரரும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பிடிஓ, அதாவது வைஃபை வழங்கும் பொது டேட்டா கடை ஆகலாம். இப்படிப்பட்ட கடைகளை ஒருங்கிணைக்கும் பிடிஓஏ நிறுவனம் ஒன்றோடு சேர்ந்தால் யார் நுழைந்தார் என்ற கணக்கை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இத்தனையும் செய்தபின், ஓடிபியை எஸ்எம்எஸ்ஸில் மட்டும் அனுப்பும் தளம் ஒன்று வரும் பாருங்கள், எரிச்சலாக இருக்கும். வீட்டில் வைஃபை முழுசாக இருக்க, ஆறு இலக்க எண்ணுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டும். போனில் வைஃபை காலிங்கை (வைஃபை வழியே அழைப்பு வரும் வசதி) ஆன் செய்து பாருங்கள். சில போன்களில் எஸ்எம்எஸ்ஸும் அதில் வரும், சிலதில் வராது.