பீரோவில் இருப்பதை வைத்தே கத்திரியைக் கடக்கலாம்: தையல்கார அக்காவின் கேள்வி பதில்

மதுரையில் 24 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். பங்குனி முடியும்போதே "அக்கா, வெயிலுக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். வாங்குவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள் என்பதுதான் என் பதில். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிடும், அதற்குள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று தெரிந்தவர்களிடம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சென்னையில் ஐடி வேலை. குர்த்தி மட்டும் நாற்பது இருக்கும். ஆனாலும் ஏப்ரல் வந்தால் போட ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டுங்கள். நிறமும் மாடலும் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பிக் கையால் தடவிப் பாருங்கள், பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடம்பில் ஒட்டப்போவது அந்த உள்பக்கம்தான். நான் துணி பிரிப்பதே அதை வைத்துத்தான். அப்படியே போடக்கூடியது ஒரு குவியல். லைனிங் மாற்றினாலோ பக்கம் பிரித்தாலோ போடக்கூடியது இன்னொன்று. மற்றதை ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி ஐப்பசி வரை பரணில் போடுங்கள். கண்ணில் படாமல் இருந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது எப்போதோ வரும் நாள். சென்னைக்காரர்களை உண்மையில் வாட்டுவது 37, 38 டிகிரியோடு சேர்ந்து வரும் கடலோரப் புழுக்கம். வியர்வை வருகிறது, ஆனால் காய்வதில்லை. அதனால் உங்களுக்குத் துணி மெல்லிசாக இருந்தால் மட்டும் போதாது, உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று போக இடம் வேண்டும். இறுக்கமான காட்டன் குர்த்தியைவிட நாலு விரல் தளர்ந்த குர்த்தி உங்கள் ஊருக்கு நல்லது.

அடுத்து, மேலே போடுவதற்கு முன்னால் கீழே போடுவதை முடிவு செய்யுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். லெகிங்ஸை இரண்டு மாதம் ஒதுக்கிவிட்டு பலாஸோ, பட்டியாலா, நேர்கட் பேன்ட் என்று மூன்றை எடுங்கள். ஒன்று சந்தன நிறம், ஒன்று கருநீலம், மூன்றாவது உங்கள் விருப்பம். அந்த மூன்றில் இரண்டோடாவது சேருகிற ஐந்து டாப்ஸை மட்டும் ஹேங்கரில் மாட்டுங்கள். கணக்குப் போட்டால் பத்து ஜோடிக்குக் குறையாது, வாரம் ஐந்து நாள் ஆபீசுக்குத் தாராளம். ஏசிக்குப் போர்த்த ஒரு கனமான காட்டன் துப்பட்டாவை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிடுங்கள். ஏசிக்காகக் கனமான உடை போட்டுப் பேருந்தில் வேகாதீர்கள்.

கேள்வி: கடையில் காட்டன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போட்டால் வேகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உள்தையலிலிருந்து இரண்டு அங்குல நூல் உருவுங்கள். சமையலறைத் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்து நுனியில் தீக்குச்சி வையுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சுருளும், ஆறியதும் கடுகு மாதிரி கெட்டி உருண்டை நிற்கும். காகித வாசனையும் வந்து உருண்டையும் நின்றால் கலப்பு. நீளவாக்கு நூல், குறுக்கு நூல் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று மட்டும் பருத்தியாக இருக்கும் துணிகள் உண்டு.

காரணம் இதுதான். பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வியர்வை போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கும்.

ரேயான் எரியும்போது பருத்தி மாதிரியேதான் இருக்கும். அது பருத்தியைவிட அதிகம் ஈரம் குடிக்கும், தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் நனைந்தால் உடம்போடு ஒட்டும், பலமும் ஏறக்குறைய பாதியாகிவிடும். முறுக்கிப் பிழியக் கூடாது. வீட்டுக்கும் மாலை நேரத்துக்கும் நல்ல துணி. மத்தியான வெயிலில் நடப்பதற்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. தினமும் புடவைதான். காட்டன் புடவையே கட்டினாலும் இடுப்பிலும் அக்குளிலும் வேர்க்குரு, அரிப்பு. புடவையையே மாற்ற வேண்டுமா?

பதில்: டீச்சர், புடவையை விடுங்கள். உள்ளே என்ன கட்டுகிறீர்கள்? என் கடைக்கு இதே குறையோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது உள்பாவாடையைத்தான். பாதிப் பேர் சாட்டின் பாவாடை கட்டியிருப்பார்கள், அல்லது புடவை படிய வேண்டும் என்று லைக்ரா ஷேப்வேர். ஐந்தரை மீட்டர் பருத்தியைச் சுற்றிக்கொண்டு உடம்பில் படுவது மட்டும் பாலியஸ்டர் என்றால் என்ன பயன்? காட்டன் பாவாடை நாலு இருந்தால் போதும், உங்கள் முப்பது புடவையும் வெயில் புடவை ஆகிவிடும். எதற்கும் சேரும் நிறமாக சந்தனம், மெரூன், கருநீலம், கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாவையும் கவனியுங்கள். கயிறு மாதிரி மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டி, அதே இடத்தில் வருடக்கணக்காக அழுத்தினால் தோல் கறுத்துப் புண்ணாகும். இரண்டு அங்குல அகலப் பட்டையாக நாடா வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். முடிச்சை ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம் போடுங்கள். ஆறாத புண் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அக்குள் அரிப்புக்குக் காரணம் அநேகமாக ரவிக்கை லைனிங். சில வருடங்களுக்கு முன் ஒரு மொத்தக் கடையில் காட்டன் லைனிங் என்று ஒரு கட்டு வாங்கி வந்தேன். பன்னிரண்டு ரவிக்கைக்கு வைத்துத் தைத்த பிறகு ஒருவர் வந்து அரிக்கிறது என்றார். நூலை எரித்துப் பார்த்தால் உருண்டை நிற்கிறது. பன்னிரண்டையும் திருப்பி வாங்கி லைனிங்கைப் பிரித்து மல் என்கிற மெல்லிய காட்டன் துணி வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எரித்துப் பார்க்காமல் லைனிங் வெட்டுவதில்லை. உங்கள் ரவிக்கைகளையும் அப்படிச் சோதியுங்கள். தினசரிக்கு 2 பை 2 ரூபியா என்கிற காட்டன் துணியில் தைத்த ரவிக்கை இருந்தால் லைனிங்கே தேவையில்லை. கைக்குழியை மட்டும் அரை அங்குலம் இறக்கச் சொல்லுங்கள்.

புடவை எது என்று கேட்டால், உங்கள் மாவட்டத்துச் சின்னாளபட்டிச் சேலைகளே பீரோவில் இருக்குமே! அடுத்து சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சேலை, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது. துவைக்கத் துவைக்க மெதுவாகும், அதனால் பழைய சுங்குடியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். செட்டிநாட்டுக் கண்டாங்கி சற்றுத் தடிப்பு என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்தத் தடிப்பால் அது உடம்பில் ஒட்டாமல் விலகி நிற்கும். காரைக்குடி வெயிலில் பிறந்த சேலை, அதற்கு வெயில் தெரியும்.

கேள்வி: சேலத்தில் விற்பனைப் பிரதிநிதி. நாள் முழுக்க பைக். கசங்காத சட்டை, ஜீன்ஸ்தான் வைத்திருக்கிறேன். பனியன் போடுவதா வேண்டாமா?

பதில்: போடுங்கள் தம்பி, மெல்லிய காட்டன் கை வைத்த பனியன். உங்கள் ஊர் வறண்ட வெயில். பனியன் வியர்வையை உறிஞ்சும், வண்டிக் காற்றில் அது காயும்போது உடம்பு குளிரும். நனைந்ததை நாள் முழுக்க வைத்திருக்காமல் மத்தியானம் ஒன்று மாற்றுங்கள், பையில் சுருட்டி வைத்தால் கைக்குட்டை அளவு இடம்தான்.

கசங்காத சட்டை என்றால் பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. அதை வாடிக்கையாளர் சந்திப்பு இருக்கும் ஏசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளுக்கு முழுக்கை காட்டன் சட்டை. அரைக்கையில் வண்டி ஓட்டினால் வெயில் நேராகத் தோலில் அடிக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: வியர்வை ஈரம் அதிகம் காட்டிக்கொடுப்பது சாம்பல் நிறமும் வெளிர் நீலமும். வெள்ளையிலும் கருநீலத்திலும் பொடிக் கட்டத்திலும் தெரியாது. ஜீன்ஸுக்குப் பதில் பீரோவில் பழைய காட்டன் பேன்ட் ஏதாவது இருந்தால் இடுப்பைப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் பழைய வேட்டித் துண்டு கட்டினால் போதும்.

கேள்வி: கீழக்கரை. வெளியே போனால் கறுப்பு அபாயாதான். வெயிலை இழுக்கும் என்கிறார்கள். நிறத்தை மாற்ற விருப்பமில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டும்மா, நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. பாலைவனத்தில் பதூயின் என்னும் அரபு நாடோடி மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை இழுத்தாலும், உடம்பைச் சேரும் வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அங்கி தளர்வாக இருந்ததால், கூடுதல் சூட்டை உள்ளே ஓடும் காற்று தோலைத் தொடுவதற்கு முன்பே கொண்டுபோய்விட்டது.

ஆகவே உங்களிடம் இருப்பவற்றில் இடுப்பு பிடித்துத் தைத்தது, கல் வேலை செய்தது, உள்ளே லைனிங் வைத்தது மூன்றையும் ஒதுக்குங்கள். நேராக, அகலமாகத் தொங்குவதை எடுங்கள். அபாயா தைக்கும் நிதா துணி பாலியஸ்டர்தான், எனவே உள்ளே போடுவது கட்டாயம் பருத்தியாக இருக்கட்டும். முழு சுடிதார் தேவையில்லை, கையில்லாத காட்டன் நைட்டியே போதும். தலைக்கு ஜெர்சி, ஷிஃபானை விட்டுவிட்டு, வாயில் (voile) என்கிற மெல்லிய காட்டன் துணி. பழைய வாயில் புடவை இருந்தால் இரண்டு முக்காடு வெட்டலாம். உள்தொப்பியும் காட்டனாக இருக்கட்டும்.

கேள்வி: வைகாசியில் தங்கை கல்யாணம். பட்டு கட்டியே ஆக வேண்டும். மயங்கி விழாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: பட்டு நூல் நல்லதுதான், ஈரம் வாங்கும். காஞ்சிப் பட்டின் கனம்தான் வெயிலில் படுத்துகிறது, அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வரும். முகூர்த்தத்துக்கு அதைக் கட்டுங்கள். மற்ற நேரத்துக்கு பீரோவில் இருக்கும் மெல்லிய ஆரணிப் பட்டோ, அம்மாவின் பழைய சின்னக் கரைப் பட்டோ போதும். பழைய பட்டு இன்னும் மெதுவாகியிருக்கும்.

சேலையோடு வந்த ரவிக்கைத் துணியில்தான் ரவிக்கை தைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கரை நிறத்தில் ரூபியா ரவிக்கை, கைக்கு மட்டும் பட்டுக் கரை வைத்துத் தையுங்கள், அழகாகவே இருக்கும். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மாற்றிக்கொள்ள ஒரு சுங்குடியைக் கையோடு எடுத்துப்போங்கள். கழற்றிய பட்டை உடனே மடிக்காதீர்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு இரவு விரித்துப் போட்டு, மறுநாள் பழைய மடிப்புக் கோடு தவிர்த்து மடித்து வையுங்கள். ஜரிகைமேல் சென்ட் படக் கூடாது, கறுத்துவிடும்.

கேள்வி: பேத்திக்கு மூன்று வயது. ஃபிராக் எல்லாம் நெட்டும் சாட்டினும். குழந்தை கழற்றி எறிகிறாள்.

பதில்: குழந்தை சரியாகத்தான் சொல்கிறாள் அம்மா. தாத்தாவின் பழைய வேட்டியில் கையில்லாத சட்டை நாலு தைத்துவிடுங்கள், கழுத்து அகலமாக, முதுகில் முடிச்சுப் போடும்படி. நெட் ஃபிராக் போட்டே ஆக வேண்டிய பிறந்தநாளுக்கு உள்ளே அந்த வேட்டிச் சட்டையைப் போட்டு மேலே ஃபிராக் போடுங்கள்.

கேள்வி: காட்டனுக்குக் கஞ்சி போட்டால் காற்று போகாது என்கிறார்களே?

பதில்: கெட்டிக் கஞ்சி போட்டால் போகாது. வடித்த கஞ்சி ஒரு கரண்டிக்கு அரை வாளித் தண்ணீர் விட்டு, வடிகட்டி, நனைத்து எடுங்கள். துணி லேசாக விறைத்து உடம்பைவிட்டு விலகி நிற்கும், அது நல்லது. முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து இஸ்திரி போட்டால் பாதி நேரத்தில் வேலை முடியும்.

கேள்வி: நல்ல காட்டன் சுடிதார்கள் ஏழெட்டு இருக்கின்றன. எல்லாம் இப்போது இறுக்கம். தூக்கிப் போட மனம் வரவில்லை.

பதில்: தூக்கிப் போடாதீர்கள். நாலைந்து வருடம் துவைத்த பருத்திக்கு ஈடான வெயில் துணியைப் புதிதாக வாங்கவே முடியாது. பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். தையல் கடையில் தைத்தது என்றால் ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலமாவது துணி விட்டிருப்போம். இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் பிரித்தால் சுற்றளவில் இரண்டு, மூன்று அங்குலம் கிடைக்கும். ரெடிமேடில் அவ்வளவு இருக்காது. அதற்கு அக்குளிலிருந்து கீழ்வரை துப்பட்டாவிலிருந்து வெட்டிய பட்டை வைக்கலாம், வேண்டுமென்றே வைத்த டிசைன் மாதிரி இருக்கும். கை மட்டும் பிடிக்கிறது என்றால் பழைய ஜிப்பாக்களில் இருப்பது போல அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்தால் போதும், கை தூக்கும்போது இழுக்காது.

பிரித்த இடத்தில் பழைய தையல் கோடு தெரியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து அந்த இடத்தில் மட்டும் தடவி, மேலே ஈரத்துணி போட்டு அழுத்தி இஸ்திரி போடுங்கள். முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வெளியே செய்யுங்கள்.