60 வருஷமாகத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. ரேடியோ அலையில் வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுவது வெட்டி வேலைதானே?

கேள்விக்குக் கீழே, "சாமானியனுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் கல்லூரியில் படிப்பவராக இருப்பீர்கள், வீட்டில் யாரோ இதைச் சொல்லி உங்களைத் திட்டியிருப்பார்கள் என்று படுகிறது. தவறென்றால் மன்னிக்கவும்.

நான் விஞ்ஞானி இல்லை. ஐடிஐ முடித்துவிட்டு மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பழகியவன். இப்போது நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே டிவி, மிக்ஸி, இன்வெர்ட்டர் பார்க்கிறேன். ஏலியனைக் கண்டேன் என்று எங்கேயும் சொல்லப்போவதில்லை. என் கருவிக்கு அந்தத் திராணியும் கிடையாது. அதனால் பின்னூட்டத்தில் சண்டைக்கு வருபவர்கள் முழுதாகப் படித்துவிட்டு வரவும்.

2023 புரட்டாசியில் மொட்டை மாடியில் ஒரு ஹார்ன் ஆன்டெனா கட்டினேன். கீழமாசி வீதி மளிகைக்கடையில் கேட்டு வாங்கிய காலி நல்லெண்ணெய் டின்தான் அடிப்பாகம். அதன் வாயிலிருந்து விரிந்துபோகிற மாதிரி, பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டினேன். டின்னுக்குள் ஒரு செம்புக்கம்பி, நீளம் 5.3 சென்டிமீட்டர். இந்த அளவு முக்கியம். வானில் பரவிக் கிடக்கும் ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், மெல்லிய இரைச்சல் ஒன்றை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் கால்வாசிதான் அந்தக் கம்பி. முதலில் 6 சென்டிமீட்டர் வைத்து மூன்று நாள் ஒன்றுமே வராமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு ஆம்ப்ளிஃபயர், கட்டைவிரல் அளவு யூஎஸ்பி ரிசீவர், மகளின் பழைய லேப்டாப். எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஆனது.

இதே 1420இல் தேடலாம் என்று 1959இல் எழுதியவர்கள் கொக்கோனி, மோரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள். ஹைட்ரஜன் எங்கும் இருப்பது. அறிவுள்ள எந்த உயிருக்கும் அந்த எண் தெரிந்திருக்கும், கூப்பிட நினைத்தால் அங்கேதான் கூப்பிடும் என்பது அவர்கள் வாதம். மறுவருஷமே அமெரிக்காவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர் 26 மீட்டர் டிஷ்ஷை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பிக் கேட்டார். நீங்கள் சொல்லும் 60 வருஷக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் மாடிக்கு வருகிறேன். ஹார்னை நேராக வானத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். ஒரு புதன்கிழமை இரவு ஏழரை மணி வாக்கில் திரையில் பால்வீதியின் ஹைட்ரஜன் எழும்பியது. தோசை நடுவில் லேசாக உப்பினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சின்ன மேடு. அதற்கே எனக்குக் கை நடுங்கியது. எட்டு மணிக்கு, மேட்டுக்குப் பக்கத்திலேயே ஊசி நட்டமாதிரி ஒரு கோடு. இயற்கை அவ்வளவு ஒல்லியாகச் சத்தம் போடாது. அதோடு அந்தக் கோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை, மெல்ல நகர்ந்தது. சுழலும் கோள் ஒன்றிலிருந்து சமிக்ஞை வந்தால் அதன் அலைவரிசை நகரும், தேடுபவர்கள் அந்த நகர்வைத்தான் பார்ப்பார்கள் என்று படித்திருந்தேன். அந்த நேரத்தில் தலைக்கு மேலே உச்சியில் நின்றது திருவோணம். 17 ஒளியாண்டு, வானக் கணக்கில் பக்கத்து வீடு. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

வியாழன் எட்டு மணிக்கு வந்தது. வெள்ளி, சனி வந்தது. ஞாயிறு வரவில்லை. திங்கள் மறுபடி எட்டு மணிக்கு வந்தது.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கோடு வரும் நேரத்தையும் மேடு உச்சிக்கு வரும் நேரத்தையும் நோட்டில் எழுதுவது அவள் வேலை. திங்கட்கிழமை நோட்டைப் பார்த்துவிட்டு, "அப்பா, மேடு தினமும் முந்திக்கிட்டே வருது, கோடு மட்டும் எட்டு மணிக்கே நிக்குது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வானம் நம் கடிகாரப்படி நடப்பதில்லை. எந்த நட்சத்திரமும் நாளுக்குச் சுமார் 4 நிமிஷம் முந்தித்தான் அதே இடத்துக்கு வரும். திருவோணத்திலிருந்து வருவதாக இருந்தால் புதனுக்கும் திங்களுக்கும் இடையில் 20 நிமிஷம் முந்தியிருக்க வேண்டும். கடிகாரம் பார்த்து வருவது மனுஷன்.

ஹார்னைக் கழற்றிக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்துத் தெருவைச் சுற்றிக் காட்டினேன். எதிர்வீட்டுப் பக்கம் திருப்பியதும் கோடு இரண்டு மடங்காக எகிறியது. அங்கே அப்பத்தா ஒருவர் தனியாக இருக்கிறார். எட்டு மணி சீரியலுக்கு மட்டும் டிவி போடுவார், ஞாயிற்றுக்கிழமை சீரியல் கிடையாது. போய்ப் பார்த்தால் செட்டாப் பாக்ஸ் கேபிளில் கனெக்டரே ஒழுங்காக இல்லை. கேபிளின் உள்ளே இருக்கும் கம்பிவலையை முறுக்கிப் பச்சைக் களிம்பு ஏற அப்படியே செருகி வைத்திருந்தது. பாக்ஸுக்குள் ஓடும் துடிப்பு ஒன்றின் மடங்கு அந்த வழியாக வெளியே கசிந்திருக்கிறது. பாக்ஸ் சூடேற ஏற அலைவரிசை நகர்ந்திருக்கிறது. புதுக் கனெக்டர் போட்டேன். கோடு போய்விட்டது.

இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்க இதில் ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீட்டர் டெலஸ்கோப் வைத்திருப்பவர்களை வருஷக்கணக்கில் சில துடிப்புகள் குழப்பின. ஓடி முடியும் முன்பே யாரோ மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்ததுதான் காரணம் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். அதே டெலஸ்கோப்பில் 2019இல் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி பக்கமிருந்து நகரும் கோடு ஒன்று கிடைத்தது. அதையும் அவர்களே தோண்டித் துருவி, பூமியில் இருக்கும் மின்கருவிகளின் கலப்படம்தான் என்று 2021இல் வெளியிட்டார்கள். கிடைத்ததையெல்லாம் சந்தேகப்பட்டுக் கழிப்பதுதான் இந்தத் தொழிலில் முக்கால் பங்கு. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று நீங்கள் சொல்வதற்குப் பின்னால் இத்தனை பேரின் நேர்மை இருக்கிறது.

என் மகள் நோட்டில் பார்த்ததையே 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி ஜோசலின் பெல் காகிதச் சுருளில் பார்த்தார். 1.33 விநாடிக்கு ஒருமுறை துடிப்பு. ஆனால் அது வானத்தின் கணக்குப்படி வந்தது, அதனால் தரையிலிருந்து வருவதில்லை என்று தெரிந்தது. "குட்டிப் பச்சை மனிதர்கள்" என்றுகூடப் பெயர் வைத்தார்கள். கடைசியில் அது பல்சர் என்ற புதுவகை நட்சத்திரம். 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஹார்னையும் நோட்டையும் மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துப்போனாள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பார்க்க வந்தவர் "அட்டைப்பெட்டியா?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறக்காமலே நகர்ந்தார். கடையில் ரெடிமேடாக வாங்கி வந்த எரிமலை மாடலுக்குப் பரிசு. பிள்ளை பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினெட்டு நாள் கணக்கு இருந்த நோட்டு அது. திறந்தாவது பார்த்திருக்கலாம்.

பணவிரயம் என்கிறீர்கள். அமெரிக்க அரசே இதற்கான பணத்தை 1993இல் நிறுத்திவிட்டது. 2015இல் அறிவித்த பெரிய தேடல் தனியார் தருவதாகச் சொன்ன 10 கோடி டாலரில் தொடங்கியது. உங்கள் வரிப்பணம் அதில் இல்லை. நம்மவர்களுக்கு ரேடியோ வானியல் எதற்கு என்பவர்கள் ஊட்டி முத்தோரைக்கு ஒருமுறை போய்வாருங்கள். 530 மீட்டர் நீள டெலஸ்கோப், வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970இல் கட்டியது. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி. சரிவும் அதே அளவில் இருக்கும் மலையாகத் தேடிப் பிடித்து அதன்மேல் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்தார்கள். அதனால் ஒரே அச்சில் திருப்பியே மணிக்கணக்கில் ஒரு நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். பணத்துக்குப் பதில் புத்தியைச் செலவழித்த வேலை.

பதில் அனுப்புவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1974இல் அரெசிபோ ரேடியோ டெலஸ்கோப்பிலிருந்து தூரத்து நட்சத்திரக் கூட்டம் ஒன்றை நோக்கி 1679 புள்ளிகள் கொண்ட படத்தை அனுப்பினார்கள். 23ஐ 73ஆல் பெருக்கினால்தான் 1679 வரும், பெறுபவர் அப்படி அடுக்கினால் படம் தெரியும். போய்ச் சேர 25,000 வருஷம். இதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது, மாங்குளம் மலை இங்கிருந்து தூரமில்லை. அங்கே பாறையில் வெட்டிய எழுத்தை 1882இல் கண்டெடுத்தும், அது தமிழ்தான் என்று புரிய 40 வருஷத்துக்கு மேல் ஆனது. வெட்டியவன் நம்மை நினைத்து வெட்டவில்லை. இருந்தும் ஒரு பாண்டியனின் பெயர் நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

கனெக்டர் மாற்றிய மறுநாள் அப்பத்தாவை மாடிக்குக் கூட்டிவந்து திரையில் அந்த மேட்டைக் காட்டினேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "நம்ம கணக்குக்குள்ள அடங்காது அப்பத்தா" என்றேன்.

"அம்புட்டு தூரத்துல இருந்து வர்றதை என் டிவிப் பொட்டி மறைச்சிருச்சா? முந்தியே சொல்லியிருக்கலாம்லய்யா" என்றார். இப்போது சீரியல் முடிந்ததும் பிளக்கையே பிடுங்கிவிடுகிறார்.